கார் பட்டனுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?



சென்ற குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, ஷார்ஜாவில் இருந்து மூன்று வண்டிகளில் குடும்பங்களோடு பதாயர் மணற்குன்றுகள் பக்கம் போயிருந்தோம். அமீரகத்தில் இருக்கும் நம்மவர்களுக்கு இது பழக்கமான பொழுதுபோக்குதான். மணலில் இறங்கும் முன் டயர் காற்றை 15 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்துக் கொள்வோம். திரும்பும்போது தார்ச்சாலை ஏறும் இடத்தில் நின்று, மறுபடி 35 வரைக்கும் காற்றடித்துக் கொண்டு கிளம்புவோம். அன்றும் அப்படித்தான். மஃரிப் தொழுதுவிட்டு ஒவ்வொருவரும் காற்றடித்துக் கொண்டிருந்தோம்.

எங்களில் ஒரு காக்காவின் வண்டி அமெரிக்காவில் ஓடி, பிறகு இங்கே இறக்குமதியாகி விற்கப்பட்ட பழைய வண்டி. அதில் சீட் ஹீட்டர் பட்டன் உண்டு. ஜூலையில் 45 டிகிரி அடிக்கும் ஊரில் சீட்டைச் சூடாக்கி என்ன செய்வது? ஆகவே அந்தப் பட்டனை ஏர் கம்ப்ரஸருக்கு மாற்றி வைத்திருந்தார். பட்டனை அமுக்கினால் பானட்டுக்குள் கம்ப்ரஸர் ஓடும். டேஷ்போர்டில் புதிதாக ஓட்டை போடவில்லை, தொங்கும் வயர் இல்லை, பார்ப்பதற்குக் கம்பெனியே வைத்துக் கொடுத்தது போல இருக்கும். எங்களுக்கெல்லாம் அதைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமை கூட இருந்தது.

நான்காவது டயர் பாதியில் இருக்கும்போது, பின் சீட்டில் இருந்த அவர் மகள் தான் முதலில் சொன்னாள்: “வாப்பா, பிளாஸ்டிக் கருகுற வாடை வருது.” ஏதோ வெளியில் இருந்து வருகிறது என்று நினைத்தோம். சில நொடிகளில் பட்டன் இருந்த இடத்தின் இடுக்கில் இருந்து நூல் மாதிரி புகை கிளம்பியது. இன்ஜினை நிறுத்தி, பிள்ளைகளை இறக்கி, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றும் வரைக்கும் யாருக்கும் உயிர் இல்லை. அல்ஹம்துலில்லாஹ், அதோடு முடிந்தது. இதுவே எல்லோரும் ஏறி அமர்ந்து நெடுஞ்சாலையில் 120-ல் போகும்போது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நாங்கள் அன்றிரவு பேசிக்கொள்ளவில்லை. பேசாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் வாகன எலக்ட்ரிகல் வேலை தெரிந்த எங்கள் ஊர்த் தம்பி ஒருவரை அழைத்து அந்தப் பலகையைப் பிரித்துப் பார்த்தோம். அங்கே பார்த்ததும், அவரிடம் கேட்டுத் தெரிந்து கொண்டதும், பிறகு நாங்களே தேடிப் படித்ததும்தான் இந்தக் கட்டுரை. வண்டியில் ஏதாவது கூடுதலாகப் பொருத்தி, அதைக் கம்பெனி பட்டனில் இணைத்திருக்கிறீர்களா? உங்கள் பிள்ளை அப்படி ஒன்று செய்யப் போவதாகச் சொல்கிறானா? முழுவதும் படியுங்கள்.

பட்டன் சுமக்கக் கூடாது

பிரித்ததும் முதலில் தெரிந்தது, கம்ப்ரஸருக்குப் போகும் மொத்த கரண்டும் அந்தப் பட்டன் வழியாகவே போயிருக்கிறது என்பது. கராஜில் வேலை செய்தவர் சீட் ஹீட்டருக்குப் போன வயரை வெட்டி, அதே வயரை நீட்டி, கம்ப்ரஸரில் கொண்டு போய்ச் சேர்த்திருக்கிறார். பட்டனும் பழையது, வயரும் பழையது, ஃப்யூஸ் மட்டும் புதியது. அந்த ஃப்யூஸ் கதைக்குப் பிறகு வருவோம்.

சீட் ஹீட்டர் இழுப்பது ஐந்தாறு ஆம்பியர். அந்தப் பட்டனும் வயரும் அதற்குத் தகுந்த அளவில்தான் செய்யப்பட்டவை. காக்காவின் கம்ப்ரஸர் இழுப்பதோ 25 ஆம்பியர். மோட்டார் கிளம்பும் அந்தக் கணத்தில் இன்னும் அதிகம். அதுவும் ஒரு நொடி இரண்டு நொடி அல்ல. நான்கு பெரிய டயர்களுக்கும் காற்றடித்து முடிக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும்.

பட்டனுக்குள் இரண்டு சிறு உலோகத் துண்டுகள் தொட்டுக் கொள்வதால்தான் கரண்ட் போகிறது. அந்தத் தொடுமுனை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஒரு சிறு தடை இருக்கும். பழைய வண்டியில் தூசியும் கரியும் ஏறி அது கொஞ்சம் கூடும். 0.05 ஓம் என்று வைத்துக் கொள்ளுங்கள். கேட்டால் ஒன்றுமே இல்லை போலத் தெரியும். ஆனால் வெப்பத்தின் கணக்கு, கரண்டை அதனாலேயே பெருக்கி, பிறகு தடையால் பெருக்குவது. 25-ஐ 25-ஆல் பெருக்கினால் 625, அதை 0.05-ஆல் பெருக்கினால் 31 வாட். ரேடியோ ரிப்பேர் செய்பவர் ஈயம் உருக்கும் சாலிடரிங் அயர்ன் 25 வாட். அதைவிடச் சூடான ஒன்றை டேஷ்போர்டு பிளாஸ்டிக்குக்குள் இருபது நிமிடம் வைத்திருந்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. அதே பட்டனில் சீட் ஹீட்டர் மட்டும் இருந்தபோது, ஐந்து ஆம்பியருக்கு அதே கணக்கில் வெப்பம் ஒன்றேகால் வாட். கரண்ட் ஐந்து மடங்கு கூடினால் சூடு இருபத்தைந்து மடங்கு கூடும். நம்மில் பலரும், கராஜ்காரர்களில் சிலரும், இந்த ஒரு விஷயத்தை யோசிப்பதில்லை.

இதற்கு மருந்து புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. உங்கள் வண்டியின் ஹாரனுக்கும் ரேடியேட்டர் ஃபேனுக்கும் கம்பெனியே வைத்திருக்கும் ரிலேதான். ரிலே என்பது கரண்டால் இயங்கும் இன்னொரு ஸ்விட்ச். உள்ளே ஒரு கம்பிச் சுருள் இருக்கும். அதில் சிறிதளவு கரண்ட் பாய்ந்தால் அது காந்தமாகி, ஒரு பெரிய தொடுமுனையை ‘டிக்’ என்று இழுத்து மூடும். அந்தப் பெரிய தொடுமுனை வழியாகத்தான் கம்ப்ரஸருக்குக் கரண்ட் போகும். சாதாரண 12 வோல்ட் ரிலேயின் சுருள் இழுப்பது 0.15 ஆம்பியர் அளவுதான். அதாவது 25 ஆம்பியர் சுமந்த பட்டன், இப்போது அதில் நூற்றைம்பதில் ஒரு பங்குக்கும் குறைவாகவே சுமக்கிறது. வீட்டில் பெரியவர் கட்டளையிட, வேலையை வேலையாள் செய்வது போல, பட்டன் சொல்ல வேண்டும், ரிலே சுமக்க வேண்டும்.

ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும். 30 என்பது பேட்டரியில் இருந்து ஃப்யூஸ் வழியாக வரும் வயர். 87 கருவிக்குப் போவது. 85, 86 இரண்டும் சுருளின் முனைகள். ஒன்றில் பட்டனில் இருந்து வரும் வயர், மற்றது பாடியில் எர்த். சிலவற்றில் 87ஏ என்று ஐந்தாவது கால் ஒன்று இருக்கும். அது ரிலே ஓய்வில் இருக்கும்போது 30-உடன் தொட்டுக்கொண்டிருக்கும் முனை. தெரியாமல் கருவியை அதில் இணைத்துவிட்டால் பட்டனை அணைத்தால்தான் கம்ப்ரஸர் ஓடும்! இந்த எண்கள் ஜெர்மன் தர முறையில் இருந்து வந்தவை. எந்த நாட்டு வண்டியாக இருந்தாலும், கடையில் தனியாக வாங்கும் ரிலேயில் பெரும்பாலும் இவைதான் அச்சிட்டிருக்கும். கராஜில் நிற்கும்போது “ரிலே போட்டிருக்கிறீர்களா, 30-க்கு எங்கிருந்து எடுத்தீர்கள்?” என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். வேலை செய்பவர் உங்களை வேறு மாதிரி பார்ப்பார்.

இன்னொரு சின்ன விஷயம். ரிலே அணையும் கணத்தில் அந்தச் சுருள் ஒரு நொடியின் சிறு பங்கு நேரத்துக்கு 12 வோல்ட்டைவிடப் பல மடங்கு உயர்ந்த மின்னழுத்தத்தைத் திருப்பி அடிக்கும். பழைய கால வண்டிக்கு அது பொருட்டல்ல. இப்போதைய வண்டிகளில் பட்டனுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆகவே உள்ளேயே டயோடு அல்லது ரெசிஸ்டர் வைத்த ரிலேயைக் கேட்டு வாங்குங்கள். டயோடு வைத்ததில் பிளஸ், மைனஸ் மாற்றிப் போடக் கூடாது.

ஃப்யூஸ் கதை

காக்காவிடம் விசாரித்தபோது அவர் சொன்னது: “மொதல்ல ஃப்யூஸ் அடிக்கடி போச்சு. கராஜுல சொன்னேன். வேற போட்டுக் குடுத்தாங்க, அப்பொறம் போகவே இல்லை.” போகாததுதான் பிரச்சினை. சீட் ஹீட்டருக்கு இருந்தது நீல நிற 15 ஆம்பியர் ஃப்யூஸ். அது உருகி உருகிச் சொன்னது, ‘இந்த வயரால் முடியாது’ என்று. அதன் வாயை அடைக்கப் பச்சை நிற 30 ஆம்பியர் ஃப்யூஸைப் போட்டுவிட்டார்கள். அதன் பிறகு உருக வேண்டிய ஃப்யூஸ் உருகவில்லை. பட்டனும் வயரும் உருகின.

ஃப்யூஸ் கருவியைக் காப்பாற்ற இருக்கிறது என்று நாமும் நினைத்திருந்தோம். அது காப்பாற்றுவது வயரை. வயரால் எவ்வளவு தாங்க முடியுமோ அதற்குக் கீழேதான் ஃப்யூஸ் இருக்க வேண்டும். 25 ஆம்பியர் இழுக்கும் கம்ப்ரஸருக்கு 30 ஆம்பியர் ஃப்யூஸ் சரிதான், ஆனால் பேட்டரியில் இருந்து ரிலே வழியாகக் கருவி வரைக்கும் போகும் வயர் 4 அல்லது 6 சதுர மில்லிமீட்டர் செம்பாக இருக்க வேண்டும். இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் போவதால் 6 நல்லது. பட்டனுக்கும் ரிலே சுருளுக்கும் இடையில் போகும் வயர் மெல்லியதாக இருந்தால் போதும். அதற்குத் தனியாக ஒரு சின்ன ஃப்யூஸ்.

ஃப்யூஸ் இருக்கும் இடமும் முக்கியம். பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். கருவிக்குப் பக்கத்தில் ஃப்யூஸ் வைத்துவிட்டு, பேட்டரியில் இருந்து அதுவரை இரண்டு மீட்டர் வயர் வெறுமனே போனால், அந்த இரண்டு மீட்டருக்கும் எந்தக் காவலும் இல்லை. இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் இடையே உள்ள தகட்டில் துளையிட்டு வயரை நுழைத்தவர்கள், அந்தத் துளையில் ரப்பர் வளையம் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். போடவில்லை என்றால் வண்டியின் அதிர்வில் தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி வயரின் தோலை அறுக்கும். ஒரு நாள் செம்பு தகட்டில் தொடும். அன்று ஃப்யூஸ் இருக்கும் இடம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. வெயிலில் நிறுத்திய வண்டியின் டேஷ்போர்டு எவ்வளவு சுடும் என்பது தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சூட்டில் டேப்பின் பசை இளகி, ஒன்றிரண்டு கோடைகளில் தானாகவே சுருண்டு பிரிந்துவிடும். கிரிம்ப் செய்து, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். காக்காவின் வண்டியில் அந்த டேப் ஏற்கனவே பாதி பிரிந்து தொங்கிக் கொண்டிருந்தது.

எந்தப் பட்டனைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது

ஒரே மாடல் வண்டி மலிவான ரகத்திலும் விலை கூடிய ரகத்திலும் வரும். டேஷ்போர்டு இரண்டுக்கும் ஒன்றுதான். மலிவான ரகத்தில் சில இடங்களில் பட்டனுக்குப் பதிலாக வெறும் பிளாஸ்டிக் மூடி இருக்கும். கூடுதல் கருவிக்குச் சரியான இடம் அந்த மூடிதான். அதே அளவில், அதே வடிவில் பொருந்தும் பட்டன்கள் பல மாடல்களுக்குக் கடையில் கிடைக்கின்றன. கம்பெனியின் எந்த வேலையையும் நாம் பறிக்க வேண்டியதில்லை.

ஏற்கனவே உள்ள பட்டனை மாற்றுவது என்றால் நிறைய யோசிக்க வேண்டும். பழைய வண்டிகளில் பட்டன் என்பது உண்மையிலேயே ஸ்விட்ச். அமுக்கினால் அமுங்கியே நிற்கும், மறுபடி அமுக்கினால் மேலே வரும். புதிய வண்டிகளில் பெரும்பாலானவை அமுக்கி விட்டதும் மேலே வந்துவிடும். அவை கரண்டைத் திறந்து மூடுவதில்லை, கம்ப்யூட்டருக்கு ஒரு சைகை மட்டும் அனுப்புகின்றன. கதவு மணியின் பட்டனுக்கும் விளக்கு ஸ்விட்சுக்கும் உள்ள வித்தியாசம் இது. அத்தகைய பட்டனை நேராக ரிலேயில் இணைத்தால் விரல் வைத்திருக்கும் வரைதான் கருவி ஓடும். ஒரு முறை அமுக்கினால் ஓட, மறுமுறை அமுக்கினால் நிற்க, இடையில் அதற்கென்று உள்ள சிறு மாட்யூல் வேண்டும். அந்த மாட்யூல் சாவி திருப்பும்போது எப்போதும் ‘ஆஃப்’ நிலையில்தான் தொடங்க வேண்டும். நேற்று விட்ட இடத்தில் இருந்து தொடங்குவதை வாங்க வேண்டாம்.

ஸ்டீயரிங் மேல் இருக்கும் பட்டன்கள் பக்கம் கராஜ்காரரைக் கையை வைக்க விடாதீர்கள் என்பது எங்கள் கருத்து. பல வண்டிகளில் அங்கே ஐந்தாறு பட்டன்களுக்கும் சேர்த்து ஒரே வயர்தான் இருக்கும். ஒவ்வொரு பட்டனும் வெவ்வேறு தடையைக் காட்ட, அதை வைத்துக் கம்ப்யூட்டர் எது அமுக்கப்பட்டது என்று கண்டுபிடிக்கும். அதில் 12 வோல்ட்டைக் கொண்டு போய்த் தொட்டால் ஒரு பட்டனுக்காக ஒரு கம்ப்யூட்டரை இழக்க வேண்டி வரும். அதைவிட முக்கியம், அதே இடத்தில்தான் ஏர்பேக் இருக்கிறது. மஞ்சள் நிறக் கனெக்டரோ மஞ்சள் உறையிட்ட வயரோ கண்ணில் பட்டால் அது ஏர்பேக்குடையது. மீட்டர் வைத்துக்கூடச் சோதிக்கக் கூடாது. அந்தப் பக்கம் எந்த வேலை செய்வதாக இருந்தாலும் பேட்டரியைக் கழற்றிவிட்டு, வண்டியின் கையேடு சொல்லும் நேரம் வரைக்கும் காத்திருந்துதான் தொட வேண்டும், ஏனென்றால் பேட்டரி இல்லாமலும் ஏர்பேக்கை விரியச் செய்யும் அளவுக்குச் சிறிது நேரம் உள்ளே கரண்ட் தேங்கி நிற்கும்.

ஒன்றையொன்று முறுக்கிக் கொண்டு போகும் இரண்டு மெல்லிய வயர்களைப் பார்த்தால் அவையும் அப்படித்தான். வண்டியின் கம்ப்யூட்டர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் பாதை அது. ‘கரண்ட் இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம்’ என்று அதில் இருந்து ஒரு கிளை எடுத்தவர்களின் வண்டி கியர் மாறாமல் நின்றிருக்கிறது. வயரைச் சோதிக்கப் பல்பு வைத்த பழைய டெஸ்டரை இவற்றில் குத்துவதும் ஆபத்து. டிஜிட்டல் மீட்டர் வேண்டும்.

ஹஸார்டு விளக்குப் பட்டன், சறுக்கல் தடுப்பை அணைக்கும் பட்டன் இவற்றை எந்தக் காரணத்துக்காகவும் வேறு வேலைக்கு மாற்ற வேண்டாம். அவசரத்தில் உங்கள் மனைவியோ, வண்டியை இரவல் வாங்கிய தம்பியோ அதைத்தான் தேடுவார்கள்.

யார் அமுக்கினாலும்

இந்தக் கேள்வியை எங்களிடம் முதலில் எழுப்பியது ஒரு லாத்தா. “நீங்க அமுக்குவீங்க, சரி. சின்னவன் அமுக்கினா?” குடும்ப வண்டி அது. நாம் பெட்ரோல் போட இறங்கும் நேரத்தில் நான்கு வயதுப் பிள்ளை முன் சீட்டுக்கு வந்துவிடுகிறது. விளக்கு எரியும் பட்டனைக் கண்டால் அமுக்காத பிள்ளை உண்டா?

ஆகவே பட்டனுக்கு வரும் கரண்ட் பேட்டரியில் இருந்து நேராக வராமல், சாவி திருப்பினால் மட்டும் வரும் இடத்தில் இருந்து வர வேண்டும். கம்ப்ரஸர் என்றால் இத்தோடு பெரும்பாலும் போதும். டிஃப்ரன்ஷியல் லாக் என்றால் போதாது. மணலிலும் பாறையிலும் ஒரு பக்கச் சக்கரம் வெறுமனே சுழலாமல், இரண்டு சக்கரமும் சேர்ந்து சுழலப் பூட்டும் கருவி அது. தார்ச்சாலையில் வேகமாகப் போகும்போது பூட்டிக்கொண்டால் வண்டி வளைவில் திரும்ப மறுக்கும். கம்பெனியே பொருத்திக் கொடுக்கும் வண்டிகளில் பொதுவாக லோ கியரில், குறைந்த வேகத்தில் மட்டுமே அது பூட்டும்படி தடை வைத்திருப்பார்கள். வெளியில் பொருத்தியதில் அந்தத் தடையை நாம்தான் வயரிங்கில் கொண்டு வர வேண்டும்: லோ கியர் விளக்கு எரிந்தால் மட்டும் அந்தப் பட்டனுக்குக் கரண்ட் வரும்படி செய்யலாம், மேலே ஒரு மூடி போட்ட பட்டனாக வைக்கலாம். நைட்ரஸ் வாயுப் பட்டன்களைப் பற்றி நாங்கள் எழுதப் போவதில்லை. குடும்பம் ஏறும் வண்டியில் அதற்கு வேலை இல்லை.

மேலே வைக்கும் எல்.இ.டி. லைட் பாருக்கும் இதே போல ஒரு வழி உண்டு, அதிகம் பேர் செய்வதில்லை. அதன் ரிலேயின் சுருளுக்கு வேண்டிய கரண்டை ஹை பீம் வயரில் இருந்து எடுத்து, பட்டனை இடையில் வைத்தால், எதிரே வண்டி வரும்போது நாம் டிம் செய்த கணமே லைட் பாரும் அணைந்துவிடும். தனிப் பட்டனில் வைத்தவர் அணைக்க மறப்பார். எதிரே இருசக்கர வண்டியில் வருபவர் கண் கூசிச் சாலையை விட்டு இறங்குவார். பாதையில் கிடக்கும் முள்ளை எடுத்துப் போடுவதையே ஈமானின் ஒரு கிளையாகக் கற்றுக்கொண்ட சமுதாயம் நாம். அடுத்தவர் கண்ணில் முள்ளைத் தைப்பதை என்ன சொல்வது?

மறைப்பதற்காகவே ஒரு பட்டன்

பட்டன் என்பதே தப்பு என்று நாங்கள் சொல்லவில்லை. மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன், சுபாரு இம்ப்ரெசா எஸ்.டி.ஐ. போன்ற வண்டிகளில் டர்போவுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர் மேல் தண்ணீர் தெளிக்கும் பட்டனைக் கம்பெனியே வைத்துக் கொடுத்தது.  அந்த வண்டிகளின் மேல் ஆசைப்பட்டு, அதே வேலையைத் தன் வண்டியில் முறையாகச் செய்துகொள்ளும் இளைஞனை ஒரேயடியாகத் திட்ட வேண்டியதில்லை. கையில் தொழில் கற்றுக்கொள்கிறான் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் எக்ஸாஸ்ட் குழாயில் வைக்கும் கட்அவுட் வால்வு வேறு ரகம். சைலன்சருக்கு முன்னாலேயே குழாயில் ஒரு கதவு வைத்து, சிறு மோட்டாரால் திறந்து மூடுவார்கள். மூடியிருந்தால் வண்டி பூனை மாதிரி போகும், திறந்தால் தெருவே அதிரும். இதையும் ஏதாவதொரு கம்பெனி பட்டனில் ஒளித்து வைப்பதுதான் வழக்கம். எதற்கு ஒளிக்க வேண்டும்? முல்கியா புதுப்பிக்கப் பரிசோதனைக்குப் போகும்போது மூடிக்கொள்ளவும், போலீஸ் வண்டியைக் கண்டால் மூடிக்கொள்ளவும், ஊரடங்கிய பிறகு திறந்துகொள்ளவும்தானே? மற்ற பட்டன்களில் ஆபத்து வயரில் இருக்கிறது. இதில் வயரிங் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நோக்கத்திலேயே ஏமாற்று இருக்கிறது. தஹஜ்ஜுத் நேரத்தில் திடுக்கிட்டு எழும் நோயாளிக்கும், கைக்குழந்தையை இப்போதுதான் தூங்க வைத்த தாய்க்கும் யார் பதில் சொல்வது? ஓட்டுபவர் மார்க்கம் தெரிந்த வீட்டுப் பிள்ளையாக இருக்கும்போது வருத்தம் இரட்டிப்பாகிறது.

சட்டமும் இதை விளையாட்டாகப் பார்ப்பதில்லை. அமீரகத்தில் 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த போக்குவரத்து விதிகள், சத்தம் எழுப்பும் வண்டியை ஓட்டியதற்கு 2,000 திர்ஹம் அபராதமும் 12 கரும்புள்ளிகளும் விதித்தன. அனுமதியில்லாமல் இன்ஜினையோ சேஸிஸையோ மாற்றினால் 1,000 திர்ஹம், 12 புள்ளிகள், 30 நாள் வண்டி பறிமுதல். 24 புள்ளிகள் சேர்ந்தால் லைசென்ஸ் போய்விடும் என்பது இங்கே டிரைவர் வேலை பார்க்கும் சகோதரர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிழைப்பே அதில்தான் இருக்கிறது.

ஊரில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு: 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கம்ப்ரஸர் மாதிரியான துணைக்கருவிக்கும் இன்ஜினையே மாற்றுவதற்கும் வித்தியாசம் உண்டு. சந்தேகம் இருந்தால் பொருத்துவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்து விடுங்கள். தெரிவிக்காத வயரிங் ஒன்று எரிந்த வண்டிக்குள் கிடைத்தால், இழப்பீடு கேட்கும்போது அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள்.

கம்பெனி வண்டி ஓட்டுபவர்கள் இந்தக் கட்டுரையை மற்றவர்களுக்காகப் படித்தால் போதும். அது அமானிதம். அதில் ஒரு வயரும் நம்முடையது அல்ல.

வாடை வந்தால்

நாங்கள் அன்று செய்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறோம். வாடை வந்ததும் காரணத்தைத் தேடினோம். தேடக் கூடாது. வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்தி, பிள்ளைகளையும் பெரியவர்களையும் இறக்கித் தள்ளி நிற்க வைத்த பிறகுதான் மற்றது. புகை பானட்டுக்குள் இருந்து வந்தால் பானட்டை முழுவதும் தூக்கக் கூடாது. காற்று புகுந்து தீ கிளம்பும். சிறிது மட்டும் விலக்கி, அந்த இடுக்கு வழியாக உலர் பவுடர் தீயணைப்பானை அடிக்க வேண்டும். தீ பெரிதாகத் தெரிந்தால் அதுவும் வேண்டாம். வண்டி போனால் போகட்டும், விலகி நின்று தீயணைப்புத் துறையை அழையுங்கள். தீயணைப்பான் டிக்கியில் சாமான்களுக்கு அடியில் கிடந்தால் இல்லாததற்குச் சமம். எங்கள் வண்டிகளில் அது இப்போது ஓட்டுநர் சீட்டுக்குக் கீழே வந்துவிட்டது.

காக்காவின் வண்டியை அந்தத் தம்பியே சரி செய்து கொடுத்தார். சீட் ஹீட்டர் பட்டன் உருகிப் போனதால் அந்த இடத்தில் வெறும் மூடி. பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் புதுப் பட்டன், பானட்டுக்குள் தண்ணீர் படாத உறையோடு ரிலே, பேட்டரி பக்கத்தில் ஃப்யூஸ், 6 சதுர மில்லிமீட்டர் வயர். ஆன செலவு, ஒரு குடும்பம் வெளியே போய் ஒரு வேளை மந்தி சாப்பிடும் தொகைதான். முன்பு அந்தக் கராஜ் மிச்சப்படுத்தியது இதைத்தான்.

வேலை முடிந்ததும் தம்பி ஒரு வெள்ளைத் தாளில் எந்த வயர் எங்கிருந்து எங்கே போகிறது, என்ன நிறம், எத்தனை ஆம்பியர் ஃப்யூஸ் என்று கையால் வரைந்து கொடுத்தார். காக்கா அதை மடித்து முல்கியா வைக்கும் உறையிலேயே வைத்திருக்கிறார். ஊரோடு போய்விடலாம் என்று யோசிப்பதால் வண்டியை விற்கும் பேச்சு இருக்கிறது. குறை இருந்தால் சொல்லி விற்பதுதான் நம் வியாபாரம் என்பதால், வாங்க வருபவரிடம் உருகிய பட்டனையும் எடுத்துக் காட்டி, அந்தத் தாளையும் கொடுத்துவிடப் போகிறாராம். பட்டனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு பத்திரமாக வைத்திருக்கிறார்.